ஜூலிய எங்க வச்சு அனுப்பி வைக்கிறது: வீடா, க்ளினிக்கா, ஊரா?

நீங்க எழுதினத சுருக்கமா சொல்லிக்கிறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. 13 வயசு லேப்ரடார், பேர் ஜூலி. கிட்னி ரெண்டும் கிட்டத்தட்ட போயிருச்சு, கடைசியா எடுத்த ரிப்போர்ட்ல கிரியேட்டினின் (கிட்னி வடிகட்டாம ரத்தத்துல தேங்குற கழிவோட அளவு) 7க்கு மேல, சாப்பாட்ட மோந்து பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்கிறா. சென்னை பள்ளிக்கரணைல மூணாவது மாடி. டாக்டர் "வீட்ல பேசி ஒரு முடிவுக்கு வாங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டார். உங்களுக்கு டாக்டர வீட்டுக்கு வர வச்சு கருணைக்கொலை ஊசி போடணும்னு ஆசை, உங்க வீட்டுக்காரர் க்ளினிக்லயே முடிச்சிரலாம்ங்கிறார், மாமனார் ஊசியே வேண்டாம், தானா போகட்டும்ங்கிறார், மாமியார் தென்காசி பக்கம் இருக்குற தோட்டத்துக்கு கூட்டிட்டு போயிரலாம், குட்டில அங்கதான ஓடி வெளையாடினாங்கிறாங்க. இதுல யார் சொல்றது சரின்னு கேக்குறீங்க.

நான் வேப்பேரி கால்நடை மருத்துவ காலேஜ்ல படிச்சிட்டு இத்தன வருஷமா சின்ன பிராணிகளுக்கு ப்ராக்டிஸ் பண்றவன், இந்த பஞ்சாயத்து எனக்கு புதுசில்ல. ஜூலியோட நெலமைக்கு என் பதில்: சென்னைலயே, உங்க வீட்லயே, டாக்டர வர வச்சு, அவ இன்னும் வால் ஆட்டுற நாளா பாத்து. ஊருக்கு அவள கூட்டிட்டு போக வேண்டாம். ஆனா இது கிட்னி கேஸுங்கிறதால நான் சொல்றது, எல்லா நாய்க்கும் இதே பதில் கெடையாது. எடத்த முடிவு பண்றது நம்ம மனசு இல்ல, அந்த நோய் கடைசி நாள்ல என்ன பண்ணும்ங்கிறதுதான், அத யாருமே யோசிக்கிறதில்ல, எல்லாரும் "எங்க இருந்தா நல்லா இருக்கும்"னு மட்டும் பேசிட்டு இருப்பாங்க.

முதல்ல மாமனார் சொல்றத எடுத்துக்குவோம், ஏன்னா வீட்ல பெரியவங்க மனசு ஒத்துக்கலன்னா மத்த எதுவும் நடக்காது. "தானா போகட்டும்"னு சொல்றப்ப அவர் மனசுல ஓடுற படம், ராத்திரி சாப்பிட்டு படுத்து காலைல எந்திரிக்காம போறது. அந்த மாதிரி போற நாயும் உண்டு, நான் இல்லைங்கல, ஆனா கிட்னில அப்படி போறது ரொம்ப கம்மி. கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவெல்லாம் ரத்தத்துலயே தேங்கிருது. வாய தெறந்தா மூத்திர வாடை அடிக்கும், நாக்கு ஓரத்துல புண்ணு வரும், தண்ணி குடிச்சா கூட எரியும், குடிச்சத அப்படியே வாந்தி எடுக்கும். ரத்தம் ஊற வைக்கிற ஹார்மோன கிட்னிதான் தயார் பண்ணுது, அது நின்னதும் ரத்தசோகை, ஈறு வெளுத்து போயிரும். கடைசில சில நாய்க்கு ஃபிட்ஸ் வரும். இது ஒரு ராத்திரில முடியுற சமாச்சாரம் இல்ல, நாள்கணக்கா இழுக்கும், அதுவும் பெரும்பாலும் விடிகாலை ரெண்டு மணிக்கு எந்த டாக்டரும் போன் எடுக்காத நேரத்துலதான் உச்சத்துக்கு போகும். அவர்கிட்ட இத மெதுவா சொல்லுங்க. அவர் கல்நெஞ்சக்காரர் இல்ல, என்ன நடக்கும்னு அவருக்கு யாரும் சொல்லல, அவ்வளவுதான்.

பாவம்னு பேச்சு வந்தா ஒரு விஷயம் ஞாபகப்படுத்துங்க. 1928ல சபர்மதி ஆசிரமத்துல ஒரு கன்னுக்குட்டி பொழைக்க வழியில்லாம வலில துடிச்சப்போ காந்தியே டாக்டர வர வச்சு ஊசி போட்டு அத முடிக்க சொன்னார். பசுவும் அகிம்சையும் பேசுற மனுஷன், அவரோட ஆசிரமத்துல, கன்னுக்குட்டிய. நாடு முழுக்க திட்டி லெட்டர் வந்துச்சு, அவர் ஒளிக்காம தன் பத்திரிகைலயே அதப்பத்தி எழுதி நான் செஞ்சது சரிதான்னு நின்னார். என் க்ளினிக்ல எத்தனையோ தாத்தாக்கள் இந்த கதைய கேட்டுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு "சரி டாக்டர், ஆனா வெள்ளிக்கிழமை வேண்டாம், அமாவாசையும் வேண்டாம்"னு சொல்லி இருக்காங்க. வெள்ளிக்கிழமை வேண்டாம்னா வேண்டாம், அதுல ஒண்ணும் கெட்டுப் போகாது, வியாழக்கிழமை வச்சுக்கோங்க. ஆனா வெள்ளிய தாண்டி தள்ளிப் போடாதீங்க.

அடுத்து ஊர். மாமியார் சொல்றதுல இருக்குற பாசம் எனக்கு புரியுது, சொந்த மண்ணுல போய் சேரணும்னு மனுஷனுக்கே ஆசை இருக்கு. ஆனா சென்னைலேர்ந்து தென்காசி அறுநூறு கிலோமீட்டருக்கு மேல, கார்ல பத்து பதினோரு மணி நேரம், அவளுக்கு அடிக்கடி மூத்திரம் வரும், குமட்டல் ஏற்கனவே இருக்கு, வண்டி குலுங்கினா இன்னும் ஜாஸ்தியாகும், நடு வழில விக்கிரவாண்டி பக்கம் அவளுக்கு ஃபிட்ஸ் வந்தா என்ன பண்ணுவீங்க? அங்க போய் சேந்தாலும் ராத்திரில தோட்டத்துக்கு வந்து மயக்கம் குடுத்து முறையா செய்யுற வெட்னரி டாக்டர் கெடைப்பாரான்னு முதல்லயே பேசி வச்சிருக்கணும். ஊர்ல கால்நடை மருந்தகத்துல நல்ல டாக்டர்கள் இருக்காங்க, ஆனா அவங்க நாள் முழுக்க மாடு ஆடு பாத்துட்டு இருப்பாங்க, நாய்க்கான மருந்து அன்னிக்கு கையில இல்லாம இருக்கலாம். குட்டில ஓடின எடம் ஜூலிக்கு இப்ப வேண்டியதே இல்ல. பால்கனி கதவுக்கிட்ட ஒரு சில்லுன்னு டைல்ஸ் இருக்கும் பாருங்க, மத்தியானம் எப்பவும் போய் படுப்பாளே, அதுதான் இன்னிக்கு அவளோட ஊரு. மாமியார் ஆசைக்கு சாம்பல கொண்டு போய் தோட்டத்துல வையுங்க, அத கடைசில சொல்றேன்.

ஒருவேள நோய் இப்பதான் ஆரம்பம், கிரியேட்டினின் 2, 3தான், நல்லா சாப்பிடுறான்னா நானே "போய் ஒரு வாரம் ஊர்ல இருந்துட்டு வாங்க"ன்னு சொல்லி இருப்பேன். 5 தாண்டிட்டா கிட்னி டாக்டர்கள் வச்சிருக்குற ஐரிஸ் கணக்குல அது நாலாவது ஸ்டேஜ், அதுக்கு மேல ஸ்டேஜே இல்ல.

எப்போன்னு கேட்டா. இதுல வீட்ல எல்லாரையும் ஏமாத்துறது ட்ரிப்ஸ்தான். ரெண்டு மூணு நாள் க்ளினிக்ல ட்ரிப்ஸ் ஏத்தினா ரத்தத்துல இருக்குற கழிவு கொஞ்சம் எறங்கும், குமட்டல் நிக்கும், வீட்டுக்கு வந்து சிக்கன் சோறு சாப்பிடுவா, நீங்க எல்லாரும் அழுதுகிட்டே சிரிப்பீங்க, "டாக்டர் தப்பா சொல்லிட்டார்"னு மாமனார் சொல்வார், நாலாவது நாள் திரும்ப அதே எடம். அந்த நல்ல ரெண்டு நாள் குணமானதுக்கு அடையாளம் இல்ல. அத வழியனுப்புறதுக்கு கெடைச்ச நேரமா எடுத்துக்கோங்கன்னுதான் நான் சொல்வேன், நெறைய பேருக்கு இது கொடூரமா தெரியும், நல்லா இருக்குற அன்னிக்கா ஊசி போடுறதுன்னு. ஆனா நல்லா இல்லாத நாளுக்கு காத்திருந்தா ஜூலி தன்னோட கடைசி நாள்ல பயத்தோட, வாந்தியோட, உங்கள அடையாளம் தெரியாம போவா.

மனசு கொழம்பினா வீட்ல மாட்டி இருக்குற தினசரி காலண்டர எடுத்துக்கோங்க, ராத்திரி தாள் கிழிக்கிறப்ப அதுலயே பேனாவால "நல்ல நாள்" இல்ல "கெட்ட நாள்"னு ஒண்ணே ஒண்ணு எழுதி ஒரு டப்பால போடுங்க, வீட்ல தெனமும் ஒரே ஆள் எழுதட்டும். கெட்ட நாள் தாளு ஜாஸ்தி ஆனா அதுதான் பதில். இன்னும் கணக்கா வேணும்னா அமெரிக்காவுல கேன்சர் நாய்கள பாக்குற டாக்டர் ஆலிஸ் வில்லலோபோஸ் ஒரு அளவுகோல் பண்ணி இருக்காங்க, வலி, பசி, உடம்புல நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாள விட நல்ல நாள் ஜாஸ்தியா, இந்த ஏழுக்கும் பத்துக்கு இவ்வளவுன்னு மார்க் போடணும், மொத்தம் 35க்கு மேல இருந்தா பாத்துக்கிட்டே போகலாம்னு அர்த்தம். வலிங்கிறதுல மூச்சு திணறலும் சேத்தி, அது ரொம்ப முக்கியம். வீட்ல ஆளாளுக்கு தனித்தனியா மார்க் போட சொல்லுங்க, வீட்டுக்காரர் 30 போடுவார், பொண்ணு 45 போடும், அப்ப ஏன்னு உக்காந்து பேசலாம், வெறும் அழுகை சண்டைக்கு இது எவ்வளவோ தேவல.

இப்ப வீடா க்ளினிக்கா. லேப்ரடார் மாதிரி பெரிய நாய், நடக்க முடியல, மூணாவது மாடி, லிஃப்ட் இருந்தாலும் முப்பது கிலோவ பெட்ஷீட்ல தூக்கிட்டு எறங்கி, வண்டி புடிச்சு (நாய்னா ஆட்டோக்காரர் ஏத்த மாட்டார், தெரிஞ்ச வண்டிதான் சொல்லி வைக்கணும்), க்ளினிக் வாசல்ல டோக்கன் போட்டு உக்காந்தா பக்கத்துல ஒரு பொமரேனியன் காது கிழிய குரைக்கும். பல நாய்க்கு க்ளினிக் வாடை பட்டாலே உடம்பு நடுங்கும். அதனால பெரிய, வயசான, கிட்னி இல்ல கேன்சர் மாதிரி மெதுவா போற நாய்க்கு வீடுதான் என் ஓட்டு. உங்க வீட்டுக்காரர் க்ளினிக்னு சொல்றதுக்கும் காரணம் இருக்கும், "அந்த எடத்த பாக்குறப்பல்லாம் ஞாபகம் வரும்"னு பயப்படுவார், நெறைய ஆம்பளைங்க இத வெளிய சொல்ல மாட்டாங்க. அப்படின்னா ஹால் சோபா பக்கத்துல வேண்டாம், பால்கனிலயோ மொட்டை மாடிலயோ வச்சுக்கலாம்.

ஆனா வீட்டுக்கு வர டாக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்விய கட்டாயம் கேக்கணும்: "முதல்ல மயக்கம் குடுப்பீங்களா?" ஆமான்னு பட்டுன்னு பதில் வரணும். தடுமாறினாலோ, "அதெல்லாம் தேவையில்ல, ஒரே ஊசி"ன்னாலோ வேற ஆள பாருங்க. மயக்கம் இல்லாம தசைய செயலிழக்க வைக்கிற மருந்தோ பொட்டாசியமோ நேரடியா போட்டா நாய் முழு நினைவோட மூச்சு முட்டியோ நெஞ்சு அடைச்சோ போகும், பாக்குற நமக்கு அசையாம இருக்குற மாதிரி தெரியும். "தெரிஞ்ச கம்பவுண்டர் இருக்கார், கம்மி காசுல பண்ணுவார்"னு யாராவது சொன்னாலும் கேட்காதீங்க, பதிவு பண்ணின வெட்னரி டாக்டர்தான் செய்யணும். மிருகவதை தடுப்புச் சட்டம் 1960ல இருந்தே இருக்கு, நெஞ்சுல ஸ்ட்ரிக்னின்ங்கிற விஷ ஊசி போடுறதையும் மத்த கொடூரமான முறைல கொல்றதையும் பேர் சொல்லியே குத்தம்னு வச்சிருக்கு. டாக்டர் உங்ககிட்ட ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குவார், பயப்படாதீங்க, அது வழக்கம்தான். ஃபீஸையும் அவர் வந்ததும் முதல்லயே குடுத்துருங்க, எல்லாம் முடிஞ்சு கண்ண தொடச்சுகிட்டே ஜிபே பின் நம்பர் தப்பா அடிக்கிறவங்கள பாத்து பாத்து எனக்கே கஷ்டமா இருக்கும்.

என்ன நடக்கும்னு முன்னாடியே தெரிஞ்சா பாதி பயம் போயிரும், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். முன்னங்கால்ல முடிய ட்ரிம்மரால ஒரு தீப்பெட்டி அளவுக்கு எடுத்துட்டு நரம்புல வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏத்த போடுவாங்களே, அந்த சின்ன ப்ளாஸ்டிக் குழாய்) போடுவாங்க. ஜூலி மாதிரி உடம்பு வத்திப்போன, பிரஷர் கொறஞ்ச நாய்க்கு நரம்பு புடிக்கிறது செரமம், தோல தூக்கி விட்டா அப்படியே கூடாரம் மாதிரி நிக்கும் பாருங்க, அந்த அளவு வறண்டிருந்தா நரம்பு நூல் மாதிரி சுருங்கி இருக்கும். மயக்க ஊசி போட்டப்புறம் பிரஷர் இன்னும் எறங்கும், அப்ப நரம்பு தேடினா ரெண்டு மூணு தடவ குத்த வேண்டி வரும், வீட்ல இருக்குறவங்க மனசு ஒடஞ்சிரும். அதனால நாய் சாதுவா இருந்தா நான் முதல்லயே வென்ஃப்ளான் போட்டுருவேன், இல்லன்னா காலைல க்ளினிக்ல போட்டு பேண்டேஜ் சுத்தி அனுப்பிட்டு சாயங்காலம் வீட்டுக்கு போவேன். உங்க டாக்டர்கிட்ட இத கேட்டுப் பாருங்க. பின்னங்கால்லயும் நரம்பு உண்டு, அங்க போட்டா டாக்டர் வால் பக்கமா உக்காந்துக்குவார், தல மொத்தமும் உங்க மடில இருக்கும். இது கேட்டாதான் கெடைக்கும், அதனால கேளுங்க.

மயக்க மருந்து உள்ள போனா அஞ்சு பத்து நிமிஷத்துல தல கனமாகும், கண்ணு சொருகும், கொறட்டை கூட விடுவா. சைலசின்னு ஒரு மருந்து நம்ம ஊர்ல ஜாஸ்தி யூஸ் பண்றோம், அது நாய்க்கு வாந்தி வர வைக்கும், ஏற்கனவே குமட்டல் இருக்குற கிட்னி நாய்க்கு முன்னாடியே வாந்தி நிக்க ஒரு ஊசி போட சொல்லலாம். அப்புறம் கடைசி மருந்து, வெளிநாட்டுல பெரும்பாலும் பென்டோபார்பிட்டால், இங்க நெறைய பேர் தயோபென்டோன அளவு ஜாஸ்தியா குடுக்குறோம், சிலர் ஆழமா மயங்க வச்சிட்டு அதுக்கு மேல இன்னொன்னு சேப்பாங்க. ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான். டாக்டர் ஸ்டெத் வச்சு பாப்பார், கண்ணு விழிய லேசா தொட்டு பாப்பார், அப்புறம்தான் சொல்வார்.

அந்த நேரத்துல மூணு விஷயம் நடக்கலாம், யாரும் முன்னாடியே சொல்லலன்னா வாழ்நாளுக்கும் மனசுல நின்னுரும். கண்ணு மூடாது, தெறந்தே இருக்கும். மூத்திரமோ மலமோ தானா வந்துரும், அதனால அடில பழைய வேட்டிய நாலா மடிச்சு, அதுக்கு கீழ ஒரு ப்ளாஸ்டிக் ஷீட் போட்டு வையுங்க. மூணாவது, இதயம் நின்னதுக்கு அப்புறமும் ஒண்ணு ரெண்டு தடவ பெருமூச்சு மாதிரி இழுக்கும், தசை துடிக்கும். "டாக்டர் உயிர் இருக்கு, உயிர் இருக்கு"ன்னு கத்துவாங்க. இல்ல, அது உயிர் இல்ல, உடம்பு அடங்குறது.

பால் ஊத்துற விஷயம். மாமியார் கண்டிப்பா கேப்பாங்க, ஒரு ஸ்பூன் பாலோ கங்கா தீர்த்தமோ வாய்ல விடணும்னு. மயக்கத்துல இருக்குற நாய்க்கும், ஏற்கனவே சோந்து கெடக்குற நாய்க்கும் விழுங்குற சக்தி இருக்காது, அது நேரா நுரையீரலுக்கு போய் கடைசி நிமிஷத்துல பொரை ஏறி திணறும். வேண்டாம்னு ஒரேயடியா சொல்லாதீங்க. பஞ்ச பால்ல நனைச்சு நல்லா பிழிஞ்சிட்டு ஒதட்டுல தடவ சொல்லுங்க, இல்லன்னா மயக்கம் குடுக்குறதுக்கு முன்னாடி அவளே நக்கிக் குடிச்சா குடிக்கட்டும். அன்னிக்கு காலைல அவளுக்கு புடிச்சது எதுவா இருந்தாலும் குடுங்க, கிட்னி டயட் எல்லாம் தூக்கிப் போடுங்க, ஐஸ்க்ரீம், கறி வேகவச்ச தண்ணி, எதுன்னாலும், ஆனா வயிறு முட்ட வேண்டாம், மேல சொன்ன வாந்திதான் காரணம். அது வரைக்கும் இருக்குற நாள்ல வலிக்கு வீட்ல இருக்குற இப்யூப்ரோஃபென், டிக்ளோஃபெனாக் மாத்திரைய குடுத்துறாதீங்க, கிட்னி போன நாய்க்கு அது விஷம். வலிக்கு நாய்க்கு ஏத்தது இருக்கு, டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க.

பொண்ணு எட்டாவது, பையன் யூகேஜின்னு சொன்னீங்க. பொண்ணுகிட்ட மறைக்காதீங்க. ஸ்கூல் விட்டு வரப்போ நாய் இல்லன்னா அந்த புள்ள உங்கள மன்னிக்கவே மன்னிக்காது, வளந்ததுக்கு அப்புறமும் சொல்லிக் காட்டும், எனக்கு தெரிஞ்ச குடும்பங்கள்லயே உண்டு. கூட இருக்கணுமா வேணாமான்னு அதுவே முடிவு பண்ணட்டும், நடுவுல எந்திரிச்சு போகணும்னு தோணினா போகலாம்னும் சொல்லி வையுங்க. பையன் சின்னவன், ஊசி போடுற நேரத்துல பக்கத்து வீட்ல விடலாம், ஆனா அவன்கிட்ட "ஜூலிய டாக்டர் தூங்க வச்சிட்டார்"னு மட்டும் சொல்லிறாதீங்க, அவனுக்கு அடுத்த தடவ காய்ச்சல்னு ஊசி போட போறப்போ ஆஸ்பத்திரியே அதிரும். செத்துப் போச்சு, இனி வராதுன்னு நேரா சொல்லுங்க, குழந்தைங்க நம்ம நெனைக்கிறத விட தெளிவு.

நீங்க கூட இருக்கணுமான்னு கேட்டிருந்தீங்க. மயக்கம் ஏறுற வரைக்கும் கட்டாயம் இருங்க. அந்த பத்து நிமிஷம் அவ கண்ணு உங்களத்தான் தேடும், புது ஆள் கைல விட்டுட்டு வெளிய போகாதீங்க. தூங்கினதுக்கு அப்புறம் முடியலன்னா எந்திரிச்சு போங்க, அதுல எந்த தப்பும் இல்ல.

இத படிக்கிற வேற யாருக்காவது இதய நோயோ மண்ணீரல் கட்டியோ இருக்குற நாய் இருந்தா, நான் மேல வீடுன்னு சொன்னத அப்படியே எடுத்துக்காதீங்க. டாபர்மேனுக்கு இதயம் வீங்குறது ஜாஸ்தி வரும், நுரையீரல்ல நீர் கோத்துக்கிட்டா படுக்க முடியாம ராத்திரி பூரா உக்காந்தே இருக்கும், கழுத்த நீட்டிக்கிட்டு மூச்சு வாங்கும். அது தண்ணில முங்குற மாதிரி சாவு, வீட்ல டாக்டருக்காக ஒரு மணி நேரம் காத்திருக்குற வெளையாட்டு அதுல கூடாது. தூங்குறப்போ ஒரு நிமிஷத்துக்கு எத்தன மூச்சுன்னு தெனமும் எண்ணுங்க, 30க்கு மேல போக ஆரம்பிச்சா அன்னிக்கே டாக்டர கூப்புடணும். மண்ணீரல் கட்டிங்கிறது லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரிட்ரீவர் மாதிரி பெரிய நாய்ங்களுக்கு வரது, காலைல வாக்கிங் போன நாய் சாயங்காலம் கட்டி உடைஞ்சு வயித்துக்குள்ள ரத்தம் கொட்டி ஈறு வெள்ளைத்தாள் மாதிரி ஆகி சரிஞ்சிரும். இதுக்கெல்லாம் ஒண்ணு முன்கூட்டியே நாள் குறிச்சு வீட்ல செய்யணும், இல்லன்னா ராத்திரியும் தெறந்திருக்குற ஆஸ்பத்திரி எதுன்னு விசாரிச்சு நம்பர போன்ல போட்டு வச்சிருக்கணும். அந்த மாதிரி நேரத்துல வீடுதான் வேணும்னு அடம் புடிக்கிறது நாய்க்காக இல்ல.

இன்னொன்னு, தடுப்பூசி போடாத நாய், திடீர்னு தாடை தொங்குது, எச்சில் ஒழுகுது, கொரல் மாறிருச்சு, காரணமில்லாம கடிக்க வருதுன்னா மடில வச்சு கொஞ்சி வழியனுப்புற கதையெல்லாம் கெடையாது. ரேபிஸா இருக்கலாம். வாய் பக்கம் கை கொண்டு போகாம வெட்னரி டாக்டருக்கு சொல்லுங்க, எச்சில் பட்டவங்க எல்லாரும் உடனே சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு மனுஷ ஆஸ்பத்திரிக்கு போய் ஊசி போட்டுக்கணும்.

அப்புறம் உடம்பு. சென்னை வெயில்ல ரெண்டு மூணு மணி நேரத்துலயே வெறைக்க ஆரம்பிச்சிரும், அதுக்குள்ள காலையும் தலையையும் மடக்கி சுருண்டு தூங்குற மாதிரி வச்சிருங்க, இல்லன்னா நீட்டின காலோட தூக்குறதும் கஷ்டம், குழியும் பெருசா வேணும். ஏசி ரூம்ல வச்சு வயித்துக்கு அடில ஐஸ் பேக் வையுங்க. காட்டன் துணில சுத்துங்க, ப்ளாஸ்டிக் கவர்ல கட்டி பொதைக்காதீங்க, மண்ணோட மண்ணா ஆகவே ஆகாது.

உங்க ஏரியால பொதைக்கிறது சாத்தியமே இல்ல, ஃப்ளாட்டு, மழைக்காலத்துல ரெண்டடி தோண்டினா தண்ணி ஊறும், காலி மனைல ராத்திரில பொதைச்சிட்டு வந்தா தெரு நாய் தோண்டிரும், அத நீங்களே மறுநாள் பாக்க நேரும். அதனால எரிக்கிறதுதான். நாய் பூனைக்கு எரிக்கிற வசதி எங்க இருக்கு, எத்தன மணி வரைக்கும்னு உங்க டாக்டர்கிட்டயே கேளுங்க, அவங்களுக்கு தெரியும், ஊசி போடுற நேரத்தையும் அதுக்கு ஏத்த மாதிரி வச்சுக்கலாம். தனியா எரிப்பாங்களா, மத்ததோட சேத்தான்னு முதல்லயே கேட்டுருங்க, சேத்து எரிச்சா சாம்பல் உங்க ஜூலியோடது மட்டும்னு சொல்ல முடியாது. தனியா எரிச்ச சாம்பல வாங்கி தென்காசி தோட்டத்துல ஒரு குழி தோண்டி போட்டு மேல ஒரு மரக்கன்னு நட்டு வையுங்க, மாமியார் அங்க போறப்பல்லாம் தண்ணி ஊத்திக்கட்டும்.

ஊர்ல நெலம் இருக்கு, நாயும் அங்கயே இருக்குன்னா பொதைக்கலாம், நாலடி ஆழம் வேணும், கெணத்துலேர்ந்தும் வாய்க்கால்லேர்ந்தும் தள்ளி, மேல பெரிய கல்லா ஒண்ணு தூக்கி வையுங்க. ஊசி போட்ட உடம்புல மருந்து ரொம்ப நாள் இருக்கும், அத தோண்டி தின்னுற நாயும் நரியும் பருந்தும் சாகும். எரிக்காம பொதைக்காம ஓடை ஓரமா வீசிட்டு போறவங்களுக்கு சொல்றேன், நம்ம நீலகிரி மாயாறு பக்கம் மிச்சம் இருக்குற பிணந்தின்னி கழுகுங்க கொஞ்சம்தான், மாட்டுக்கு போட்ட டிக்ளோஃபெனாக்கால கழுகு கூட்டம் கூட்டமா செத்து 2006ல அந்த மருந்த கால்நடைக்கு தடை பண்ற அளவுக்கு போச்சு. செத்த உடம்புல இருக்குற மருந்து யாருக்கு போய் சேரும்னு நமக்கு தெரியாது.

வீட்ல இன்னொரு நாய் இருந்தா ஊசி போடுறப்போ வேற ரூம்ல இருக்கட்டும், தெரு நாய்களுக்கான பழைய 2001 விதிலயே ஒரு நாய் முன்னாடி இன்னொன்ன முடிக்கக் கூடாதுன்னு எழுதி இருந்துச்சு. முடிஞ்சதுக்கு அப்புறம் உள்ள விட்டு மோந்து பாக்க விடுங்க. சிலது திரும்பிக் கூட பாக்காது, சிலது ரெண்டு நாள் வாசல்ல படுத்திருக்கும், அதுவும் சரிதான்.

இப்ப நீங்க பண்ண வேண்டியது, நாளைக்கு காலைலயே உங்க டாக்டருக்கு போன் போட்டு வீட்டுக்கு வருவீங்களா, முதல்ல மயக்கம் குடுப்பீங்களா, வென்ஃப்ளான் எப்ப போடுவீங்க, எரிக்கிறதுக்கு யார்கிட்ட சொல்லணும்னு இந்த நாலையும் கேட்டு வையுங்க. அவர் வீட்டுக்கு வர மாட்டேன்னா வரவங்க நம்பர அவரே குடுப்பார், கூச்சப்படாம கேளுங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல பாதி க்ளினிக் மூடிருவாங்க, அதனால வார நாளா, சாயங்காலம் வெயில் எறங்கினப்புறம் வச்சுக்கோங்க, பொண்ணும் ஸ்கூல் விட்டு வந்துரும். கிரியேட்டினின் 7ங்கிறது போன ரிப்போர்ட், இப்ப இன்னும் ஏறி இருக்கும், இன்னொரு டெஸ்டுக்காக ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டாம்.